அந்த ஆர்கன் சத்தம் ஏன் இன்னும் பழசாகவில்லை?

அமெரிக்கப் பாடகி ராபின் எஸ் பாடிய ‘ஷோ மீ லவ்’ வந்து 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் கிளப்பிலும் ரீல்ஸிலும் புதுப் பாட்டுகளுக்குள்ளும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிற நடனப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது, எந்தப் பதிப்பைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கீபோர்டு வாசிக்கிறவன். இந்தப் பாட்டோடு பல வருடப் பழக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டைச் செய்தவர் அதிலிருந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். மிஞ்சிய இடத்தில் ஒரு பெண்ணின் குரல் தனியாக நிற்கிறது. பழசாவதற்கு அதில் சாமானே இல்லை.

முதல் அரை நிமிடத்தை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கிக் என்கிற கனத்த டிரம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அடி. காலப்பிரமாணம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120, அதாவது ஒரு நொடிக்கு இரண்டு அடி. இரண்டாவது, நான்காவது தட்டுகளில் கைத்தட்டு. இரண்டு தட்டுக்கு நடுவே, எடுப்பு தள்ளி விழுகிற மாதிரி ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத்தட்டு. இதெல்லாம் ஆயிரம் பாட்டில் இருப்பதுதான். அதன் மேல் அந்த ஆர்கன் வருகிறது. தட்டின் மேல் நேராக உட்காராமல் முன்னும் பின்னும் நழுவி, சில இடங்களில் வாயை மூடிக்கொண்டு, சில இடங்களில் குத்திப் பேசுகிறது. ஒரு நொடி கேட்டாலே எந்தப் பாட்டு என்று தெரிந்துவிடும். பல்லவி வருவதற்கு முன்னாலேயே அடையாளம் தெரிகிற பாட்டுகள் குறைவு. இது அதில் ஒன்று.

அந்த ஆர்கன் உண்மையில் ஆர்கனே இல்லை. ஜப்பானின் கோர்க் நிறுவனம் 1988-இல் எம்1 என்ற கீபோர்டைக் கொண்டுவந்தது. ஒலிகள், டிரம், எஃபெக்ட், வாசித்ததைப் பதிந்து அடுக்கும் வசதி எல்லாம் ஒரே பெட்டிக்குள். உலகத்திலேயே மிக அதிகம் விற்ற கீபோர்டுகளில் அதுவும் ஒன்று. தொழிற்சாலையிலேயே அதில் நிரப்பி அனுப்பிய ஒலிகளில் ஒன்றின் பெயர் ‘ஆர்கன் 2’. ‘ஷோ மீ லவ்’ பாட்டில் நாம் கேட்பது அதுதான். காசு கொடுத்து எம்1 வாங்கிய யார் வேண்டுமானாலும் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அந்தச் சத்தத்தை எழுப்பியிருக்கலாம்.

தேவாலய ஆர்கன் கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். ‘ஆர்கன் 2’ அப்படியில்லை. அழுத்தியதும் ‘டொக்’ என்று ஒரு முட்டு, அதன் பிறகு சட்டென்று அடங்குகிறது. மரத்தைத் தட்டிய மாதிரியும் இருக்கும், அதற்குள் தெளிவான ஸ்வரமும் இருக்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தாளமும் சொல்லி, அடியில் ஒரு கார்வையும் கொடுக்கிறதே, அந்த இரட்டை வேலைதான். கீழ் ஸ்தாயியில் வாசித்தால் அதுவே பேஸ் என்கிற அடித்தள ஒலி, அதுவே தாளம், அதுவே மெட்டு. மூன்று வாத்தியம் செய்ய வேண்டியதை ஒன்று செய்கிறது. அதனால்தான் மற்றதையெல்லாம் எடுத்துவிட முடிந்தது.

இதை நான் கைப்பட சோதித்திருக்கிறேன். எம்1 ஒலிகள் இப்போது மென்பொருளாகவே கிடைக்கின்றன. அந்த ஒலியைத் தேர்ந்தெடுத்து மெட்டை வாசித்தால் ஐந்து நிமிடத்தில் கிட்டத்தட்ட வந்துவிடும். உடனே கை சும்மா இருக்காது. கீழே ஒரு கிட்டார், பின்னால் ஒரு பியானோ என்று சேர்க்கத் தோன்றும். சேர்க்கச் சேர்க்கப் பாட்டு குறுகிக்கொண்டே போனது. கடைசியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆர்கனையும் கிக்கையும் மட்டும் விட்டபோதுதான் அறை மறுபடி பெரிதானது. கேட்பவர் உடம்பால் நிரப்ப வேண்டிய இடத்தை நான் வாத்தியத்தால் அடைத்துக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, இந்தப் பாட்டு எப்படி இப்படி ஆனது? முதலில் இது இப்படி இல்லவே இல்லை. எழுதியவர்கள் நியூயார்க்கின் ஆலன் ஜார்ஜும் ஃபிரெட் மெக்ஃபார்லேனும். 1984-இல் ஜோஸ்லின் பிரவுன் பாடிப் புகழ்பெற்ற ‘சம்படி எல்ஸஸ் கை’ பாட்டைத் தயாரித்தவர்கள் இவர்கள்தான். கிளப் பாட்டுத் தொழிலில் நன்றாகத் தேறியவர்கள். பாடியவர் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த ராபின் ஸ்டோன். அவர்தான் ராபின் எஸ். 1990-இல் லண்டனின் சாம்பியன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. அந்த முதல் பதிப்பு நல்ல பாட்டுதான். ஆனால் அந்தக் காலத்துச் சாமான்கள் எல்லாம் அதில் இருந்தன. வந்தது, போனது.

இரண்டு வருடம் கழித்து ஸ்டாக்ஹோமில் ஒரு டிஜே அதைக் கையில் எடுத்தார். ஸ்டென் ஹால்ஸ்ட்ரோம் என்பது அவர் பெயர், எல்லோருக்கும் ஸ்டோன்பிரிட்ஜ். ஸ்வீமிக்ஸ் என்ற டிஜேக்கள் கூட்டத்தில் ஒருவர். அதே கூட்டத்திலிருந்து வந்த டென்னிஸ் பாப் பிறகு செய்ரான் ஸ்டுடியோவைத் தொடங்கி, பாப் பாட்டுகளை எழுதித் தயாரிக்கும் மேக்ஸ் மார்ட்டினை வளர்த்துவிட்டார். உலக பாப் இசையின் ஒரு பெரிய கிளை முளைத்த இடம் அது. ஸ்டோன்பிரிட்ஜ் செய்த முதல் ரீமிக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு அவர் செய்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: கிக்கையும் குரலையும் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எம்1-இல் அந்த ஆர்கனை எடுத்து பேஸாக வாசித்தார். மேலே கொஞ்சம் கரகரத்த ஒரு சின்தசைசர் வரி. அவ்வளவுதான்.

இந்த ரீமிக்ஸ் 1993-இல் பிரிட்டன் பட்டியலில் 6-ஆம் இடத்துக்கும், அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 5-ஆம் இடத்துக்கும் போனது. அமெரிக்க நடனப் பட்டியலில் முதலிடம். இந்த நடன இசை வகைக்கு ஹவுஸ் என்று பெயர். அது பிறந்த நாட்டிலேயே ஹவுஸ் பாட்டு பொதுப் பட்டியலில் இவ்வளவு மேலே ஏறுவது அன்றைக்குச் சாதாரணமில்லை. ரீமிக்ஸே அசலாகிவிட்டது. 1990 பதிப்பு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆனால் ஆர்கனை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிப் பதில்தான். அதே எம்1-ஐ வைத்து அந்த வருடங்களில் எத்தனையோ பாட்டுகள் வந்தன. அவற்றில் பல இன்று யாருக்கும் ஞாபகமில்லை. மிச்சப் பாதி ராபின் எஸ்ஸின் குரல்.

வரிகளின் சாரம் எளிமையானது. மனம் உடைந்தது போதும், வாக்குறுதிகள் கேட்டதும் போதும், வார்த்தை யாருக்கும் சுலபம், அன்பிருந்தால் செய்து காட்டு. காதல் பாட்டில் கெஞ்சல் கேட்டிருப்போம், ஏக்கம் கேட்டிருப்போம். இது நிபந்தனை. அவர் கேட்கவில்லை, சொல்கிறார். அதைப் பாடும் தொண்டையில் ஒரு களைப்பு இருக்கிறது. மேலே ஏறும் இடங்களில் குரல் வழவழப்பாக இல்லை, கொஞ்சம் உரசுகிறது. பதிவன்று தனக்கு ஃப்ளூ காய்ச்சல் என்று ராபின் எஸ்ஸே பிறகு சொல்லியிருக்கிறார். உடம்பு சரியில்லாத குரலைப் பல ஸ்டுடியோக்கள் இன்னொரு நாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே அந்த உரசல்தான் வரிகளை நம்ப வைக்கிறது. ஏமாந்து ஏமாந்து அலுத்தவள் தேன் மாதிரியா பாடுவாள்?

இயந்திரம் கொஞ்சமும் மாறாமல் போகிறது, மனிதக் குரல் ஒவ்வொரு முறையும் மாறி மாறி முட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கிக் அதே இடத்தில் விழும், ஆர்கன் அதே இடத்தில் மடங்கும், ஆனால் அந்தப் பெண் போன சுற்றில் சொன்னதை இந்தச் சுற்றில் வேறு மாதிரி சொல்கிறாள். ‘ஒரே மெட்டு திரும்ப வருகிறதே’ என்று கேட்டீர்கள் இல்லையா, அந்தத் திரும்பல் இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் கேட்காது. தம்பூரா மாறாமல் இருப்பதால்தானே பாடகரின் ஒரு சின்ன அசைவுகூடக் காதில் விழுகிறது.

இந்தக் குரல் மரபு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1977-இல் சிகாகோவில், சவுத் ஜெஃபர்சன் தெருவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பை ராபர்ட் வில்லியம்ஸ் திறந்தார். நியூயார்க்கிலிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜேயை வரவழைத்தார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் இனத்தவர், தன்பால் ஈர்ப்பாளர்கள். வெளியே பல இடங்களில் ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே விடிய விடிய ஆடினார்கள். 1979 ஜூலை 12 அன்று அதே ஊரின் கோமிஸ்கி பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, அப்போதைய நடன இசையான டிஸ்கோவின் இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோ செத்தது என்று பலர் கொண்டாடினார்கள். வேர்ஹவுஸில் நக்கிள்ஸ் அந்த டிஸ்கோ தட்டுகளை எடுத்து வெட்டி, நீட்டி வாசித்துக்கொண்டே இருந்தார். வேர்ஹவுஸில் ஒலிக்கிற இசை என்பதுதான் சுருங்கி ‘ஹவுஸ்’ ஆனது.

பெரிய இசைக்குழுவும் வயலின் வரிசையும் வைக்க அந்த இளைஞர்களிடம் பணமில்லை. கடையில் விலைபோகாமல் பழைய சாமானாக வந்த, ரோலண்டு என்ற ஜப்பான் நிறுவனத்தின் மெஷின்கள் இருந்தன. கிட்டார்காரருக்குத் துணையாக பேஸ் வாசிக்கச் செய்யப்பட்ட டிபி-303, டிரம்முக்கு டிஆர்-909. இரண்டையுமே ரோலண்டு 1984 வாக்கில் நிறுத்திவிட்டது. 1986-இல் ‘மூவ் யுவர் பாடி’ செய்த மார்ஷல் ஜெஃபர்சன் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். வேகமாகப் பியானோ வாசிக்க வராததால் மெதுவாக வாசித்துப் பதிந்து, பிறகு வேகத்தைக் கூட்டினார். ஹவுஸுக்குப் பியானோ வந்த கதை அதுதான். இருப்பதை வைத்து ஆட வைக்கும் இந்தப் பழக்கத்தின் நேர் வாரிசுதான் ஸ்டோன்பிரிட்ஜின் ஒற்றை ஆர்கன். அதன் மேல் ஏறும் குரலோ டிஸ்கோவுக்கும் முந்தையது. கறுப்பினத் தேவாலயங்களில் துன்பத்தைச் சொல்லியே அதைத் தாண்டிப் போகும் காஸ்பெல் பாட்டு மரபு.

அந்தக் குரல்களுக்கு நடந்த அநியாயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1989-இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழுவின் ‘ரைடு ஆன் டைம்’ பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் வெட்டி ஒட்டியிருந்தது லோலீட்டா ஹாலோவேயின் குரல். மேடையில் வாயசைத்தவர் வேறு ஒரு மாடல். அடுத்த வருடம் சி+சி மியூசிக் ஃபேக்டரியின் ‘கான்னா மேக் யூ ஸ்வெட்’ பாட்டில் பாடியவர் மார்த்தா வாஷ், வீடியோவில் வாயசைத்தவர் இன்னொருவர். பருமனான கறுப்பினப் பெண்களின் தொண்டை வேண்டும், முகம் வேண்டாம் என்பதுதான் கணக்கு. மார்த்தா வாஷ் வழக்குப் போட்டுத்தான் தன் பெயரை மீட்டார். இதெல்லாம் நடந்த மறுவருடங்களில் பட்டியலில் ஏறிய பாட்டு ‘ஷோ மீ லவ்’. அதில் ராபின் எஸ்ஸின் குரலுக்கு அவர் பெயரும் முகமும் சேர்ந்தே இருந்தன. ‘வார்த்தை வேண்டாம், செய்து காட்டு’ என்று அந்த நேரத்தில் ஒரு ஹவுஸ் பாடகி சொல்வது காதலனுக்கு மட்டும் சொன்னதாக எனக்குக் கேட்பதில்லை. இது என் கேட்பு, எழுதியவர்கள் அப்படி நினைத்தார்கள் என்று சொல்லவில்லை.

அப்புறம் தொழில் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. டிஜே ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இரண்டும் சில நேரம் சேர்ந்து ஓடும். இரண்டிலும் வாத்தியம் நிறைந்திருந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். ‘ஷோ மீ லவ்’ காலியாக இருப்பதால் எதன் மேலும் உட்காரும். அந்த ஆர்கனை வேறு பாட்டின் குரலுக்கு அடியில் ஓட்டலாம். இந்தக் குரலை வேறு பாட்டின் தாளத்துக்கு மேல் வைக்கலாம். ஒவ்வொரு தலைமுறை டிஜேயும் இதை எடுத்துப் புதுசோடு கலந்தபடி இருப்பதால், அந்தந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் இதைப் பழைய பாட்டாகச் சந்திப்பதே இல்லை. 2009-இல் ஸ்டீவ் ஏஞ்செல்லோவும் லெய்ட்பேக் லூக்கும் தங்களுடைய ‘பி’ என்ற இசையோடு இந்தக் குரலைச் சேர்த்து வெளியிட்டார்கள். 2013-இல் கிட் இங்க், 2015-இல் சாம் ஃபெல்ட், 2022-இல் சார்லி எக்ஸ்சிஎக்ஸ் என்று இந்தப் பாட்டை எடுத்தாண்டவர்களின் வரிசை நீள்கிறது. சாம் ஃபெல்டின் பதிப்பு மென்மையானது, கடற்கரை மாலைக்கு ஏற்றது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நிபந்தனை போய் வெறும் ஏக்கமாகிவிட்டது.

2022 ஜூனில் அமெரிக்கப் பாடகி பியான்சே ‘பிரேக் மை சோல்’ என்ற பாட்டை வெளியிட்டார். முதல் சில நொடிகளிலேயே அந்த ஆர்கன் சாயல் காதில் விழுந்ததும் உலகம் முழுக்கப் பேச்சு. ஆலன் ஜார்ஜ், ஃபிரெட் மெக்ஃபார்லேன் பெயர்கள் எழுதியவர்கள் பட்டியலில் வந்தன. ஆகஸ்டில் பாட்டு ஹாட் 100-இல் முதலிடம் பிடித்தது, அடுத்த வருடம் சிறந்த நடன இசைப் பதிவுக்கான கிராமி விருதும் வாங்கியது. ராபின் எஸ்ஸுக்கு விஷயமே மகன் போனில் கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரியும். உன் பெயர் எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது அம்மா என்று சொன்னானாம். உயிரோடு இருக்கும்போதே தனக்கு மரியாதை செய்ததற்கு அவர் பிரிட்டன் தொலைக்காட்சியில் பியான்சேவுக்கு நன்றி சொன்னார். மார்த்தா வாஷ் கதையைத் தெரிந்துகொண்டு அதைக் கேட்டால் நெஞ்சை அடைக்கும்.

எதைக் கேட்பது என்று கேட்டீர்கள். ராபின் எஸ் என்று போட்டு, ஸ்டோன்பிரிட்ஜ் மிக்ஸ் என்று பார்த்து எடுங்கள். 1997-இல் ஸ்வீடன் பாடகி ராபின் பாடிய வேறு ஒரு ‘ஷோ மீ லவ்’ இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டு பெயரும் ஒன்றுதான், ஆங்கிலத்தில் எழுத்து வேறு. அதுவும் நல்ல பாட்டுதான், மேக்ஸ் மார்ட்டினும் டென்னிஸ் பாப்பும் செய்தது, ஆனால் ஹவுஸ் இல்லை. வானொலிக்காகச் சுருக்கிய பதிப்பை விட்டுவிட்டு நீண்ட கிளப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஆர்கனின் கீழ்ப்பகுதி காணாமல் போய்விடும், வெறும் ‘டொக் டொக்’தான் மிஞ்சும். ஒருமுறை ஆர்கனை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், எங்கெல்லாம் அது வாசிக்காமல் விடுகிறது என்று கவனியுங்கள். இரண்டாம் முறை குரல். அதன் பிறகு 1990 பதிப்பைப் போடுங்கள். அதே பெண், அதே வரிகள்தான். ஸ்டாக்ஹோமில் அந்த மனிதர் எதையெல்லாம் அணைத்தார் என்று அப்போது ஒவ்வொன்றாகக் காதில் விழும்.